நாடு நெருக்கடியில் இருக்கும்போது விசுவாசியின் கடமை என்ன?

வாசகர் கேள்வி – பதில்

கடந்த சில மாதங்களாக வாசகர்கள் அனுப்பிவரும் கடிதங்களில் பெரும்பாலானவை நாட்டையும் அரசாங்கத்தையும் பற்றியவை. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியிலிருந்து மக்கள் தலைதூக்கு முன்னரே, 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்துவிட்டுப் போனது. இத்தகைய காலத்தில் ஒரு கிறிஸ்தவன் தன் நாட்டுக்கும் அரசாங்கத்துக்கும் எதைக் கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வி பல வடிவங்களில் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுமையாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, எங்கள் சபையின் வாலிபர்கள் சிலர் கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த அரசாங்க எதிர்ப்புப் போராட்டத்துக்குப் போக விரும்பினோம். மூப்பர்கள் ரோமர் 13 ஆம் அதிகாரத்தை வாசித்துக்காட்டி, அதிகாரத்தை எதிர்த்து நிற்கிறவன் தேவனுடைய நியமத்தை எதிர்த்து நிற்கிறான் என்று கூறித் தடுத்துவிட்டார்கள். நாங்களும் கீழ்ப்படிந்தோம். ஆனால் மனதில் கேள்வி இன்னும் தீரவில்லை. அரசாங்கத்திடம் கணக்குக் கேட்பது பாவமா?
– ஒரு வாலிபர், ஹட்டன்

பதில்: தம்பி, மூப்பர்கள் வாசித்த வசனம் வேதத்தில் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அவர்கள் உங்களைத் தடுத்ததில் பயமும் பாசமும் கலந்திருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், தாக்கப்பட்டதைக் கண்ட தலைமுறைக்கு, பிள்ளைகள் கூட்டமாகப் புறப்படுகிறார்கள் என்றாலே நெஞ்சு பதறும். அந்தப் பதற்றத்தை மதித்துக்கொண்டே, அவர்கள் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் வாசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதிகாரியானவன் "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" தேவ ஊழியக்காரனாயிருக்கிறான் என்று நான்காம் வசனத்தில் பவுல் எழுதுகிறார். நீரோ மன்னன் ஆண்ட காலத்தில், அரசியலில் எந்தச் செல்வாக்கும் இல்லாதிருந்த ஒரு சிறு சபைக்கு எழுதிய கடிதம் அது. மன்னனையே தெய்வமாக வணங்கப் பழகியிருந்த உலகத்தில், அவனும் ஓர் ஊழியக்காரன்தான் என்று எழுதுவது லேசான காரியமன்று. ஊழியக்காரனுக்கு மேல் எஜமான் இருக்கிறார். எதற்காக நியமிக்கப்பட்டானோ அந்த நன்மையை அவன் செய்தானா என்ற கேள்வி அந்த வசனத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பவுலின் வாசகர்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது. இலங்கை அரசியலமைப்பின் 3 ஆம் உறுப்புரை, இறைமை மக்களிடத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. 14 ஆம் உறுப்புரை, பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரசைக்கும் உறுதிப்படுத்துகிறது. பலரும் வாசிக்காமல் கடந்துபோகும் 28 ஆம் உறுப்புரையோ, பொதுச் சொத்தைப் பாதுகாப்பதையும், அது துஷ்பிரயோகம் செய்யப்படுவதையும் வீணாக்கப்படுவதையும் எதிர்ப்பதையும் இலங்கையிலுள்ள ஒவ்வோர் ஆளினதும் கடமை என்று வகுத்திருக்கிறது. ஆகவே நம்முடைய நாட்டில் ரோமர் 13 இன்படி சட்டத்துக்குக் கீழ்ப்படிய விரும்புகிறவன், பொதுப்பணம் எங்கே போயிற்று என்று கேட்கவும் கடமைப்பட்டவனாகிறான். கீழ்ப்படிதல் ஒரு பக்கம், கணக்குக் கேட்பது மறுபக்கம் என்று பிரித்து வைத்து, முதலாவதை மாத்திரம் பக்தி என்று கற்பித்ததில்தான் நம்முடைய போதனை குறைப்பட்டிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஆண்டுகளில் நடந்தவை மலையகத்துக்குத் தூரத்துச் செய்திகள் அல்ல. 2021 இல் போதிய ஆயத்தமில்லாமல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் அந்தத் தடை கைவிடப்பட்டபோதிலும், அதற்குள் தேயிலைச் செடிகள் தளர்ந்துவிட்டன. மலையில் கொழுந்து குறைந்தபோது, நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய நிறையை எட்டுவது கடினமாயிற்று; நிறையை எட்டாதவர்களுக்குச் சம்பளம் குறைந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டபோது, தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட அதே 1,000 ரூபாவாகவே இருந்தது. கொழும்பில் மேசையில் எடுக்கப்பட்ட தீர்மானத்தின் சுமை, பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போன பெண்ணின் கூடையில் வந்து இறங்கியது. இதைப் பற்றிப் பேசுவது அரசியல், சபைக்கு ஆகாது என்று சொல்கிறவர்கள், அறுவடை செய்தவனுடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதை எந்தப் பிரசங்கத்தில் சேர்ப்பார்கள்?

எல்லை எங்கே என்று கேட்பீர்களானால், அதுவும் அந்த நாட்களிலேயே நம் கண் முன்னால் தெரிந்தது. அமைதியாகப் போராடியவர்களின் நடுவே குருமாரும் கன்னியாஸ்திரிகளும் நின்றார்கள். அதில் விசுவாசத்துக்கு முரணான எதையும் நான் காணவில்லை. 2022 மே 9 ஆம் திகதி அமைதியான போராட்டக்காரர்கள் ஆளுங்கட்சி ஆதரவாளர்களால் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பதிலடியாக அரசியல்வாதிகளின் வீடுகள் எரிக்கப்பட்டன, பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் உயிரும் போயிற்று. தாக்கியதும் எரித்ததும் கொன்றதும் பாவம். யார் முதலில் தொடங்கினார்கள் என்பது பின்னால் செய்தவனை நீதிமானாக்காது. கெத்செமனேயில் பேதுருவின் பட்டயத்தை உறையிலே போடச் சொன்னவர், நியாயம் நம் பக்கம் இருக்கும்போதும் அதையேதான் சொல்லுவார்.

தெருவைத் தவிர வேறு வழிகளும் இருந்தன, அவையும் பலன் தந்தன என்பதையும் மறக்க வேண்டாம். பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று கேட்டுப் பிரசைகள் சிலர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முன்னாள் ஜனாதிபதிகள் உட்பட ஆட்சியிலிருந்த பலர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலவரம் இல்லாமல், மனுவில் எழுதிய வார்த்தைகளால் மாத்திரம் வந்த தீர்ப்பு அது. தாவீதின் அரண்மனைக்குள் நாத்தான் தீர்க்கதரிசியும் சேனையோடு நுழையவில்லை. சொல்ல வேண்டியதை ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார். மூப்பர்களோடு சண்டை பிடிக்காமல், அவர்களோடு உட்கார்ந்து ரோமர் 13 ஐ முதல் ஏழு வசனங்கள் வரையும் சேர்ந்து வாசியுங்கள்.

கேள்வி: இந்த நாடு எங்கள் பாட்டன் பாட்டியின் பிரஜாவுரிமையைப் பறித்தது. குடும்பத்தில் பாதிப்பேரைக் கப்பலேற்றியது. இன்றும் லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லை. ஞாயிறுதோறும் நாட்டுக்காக ஜெபிக்கும்போது என் நாவு ஒத்துழைக்கவில்லை, ஐயா. எங்களை நேசிக்காத நாட்டை நாங்கள் ஏன் நேசிக்க வேண்டும்?
– ஓர் ஆசிரியை, தலவாக்கலை

பதில்: சகோதரி, உங்கள் கேள்வியை விசுவாசக் குறைவு என்று எண்ணி நீங்கள் வருந்த வேண்டாம். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட முறையீடுகள்தாம். முதலில் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவோம். மன்னிப்பைப் பற்றிப் பேசுவதற்காகச் சரித்திரத்தை மழுப்ப வேண்டியதில்லை. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையக மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 இல் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்து அந்த வாக்குரிமையை இல்லாமலாக்கின. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரண்டு நாடுகளுக்கிடையே பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதாக முடிவு. பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களையும் 1974 இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ரயிலேறித் தலைமன்னார் வழியே போனவர்களின் அழுகையை நம்முடைய வீடுகள் இன்னமும் மறக்கவில்லை. நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முற்றாகத் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இந்தக் காயத்தோடு ஒருவர் நாட்டுக்காக ஜெபிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை நீங்கள் அறிவீர்கள். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ணுங்கள் என்று, வீட்டையும் தேசத்தையும் பறித்தவர்களின் நகரத்தைக் குறித்தே அவர் எழுதினார். பாபிலோன் செய்தது சரி என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதே தீர்க்கதரிசியின் புத்தகத்தின் இறுதி அதிகாரங்களில் பாபிலோனுக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பும் இருக்கிறது. ஆகவே ஒரு நாட்டின் நன்மைக்காக ஜெபிப்பதும், அந்த நாடு செய்த அநியாயத்தை அநியாயம் என்று சொல்வதும் ஒரே வாயிலிருந்து வரலாம்.

ஆனால் எரேமியாவின் கடிதத்தை நாம் அப்படியே நமக்குப் பொருத்திக்கொள்வதில் எனக்கொரு தயக்கம் உண்டு. அந்தச் சிறைப்பட்டவர்கள் எழுபது வருடங்களுக்குப் பின் திரும்பிப் போக வேண்டியவர்கள். நாம் எங்கும் திரும்ப வேண்டியவர்கள் அல்லர். இருநூறு ஆண்டுகளாக இந்த மலையில் பிறந்து, இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நாம். இந்த நாட்டை வேற்றான் நாடாக நினைத்து, அதன்மேல் இரக்கப்பட்டு ஜெபிப்பது நம்முடைய நிலை ஆகாது. நாம் நம்முடைய நாட்டுக்காகவே ஜெபிக்கிறோம்.

அதனால் பவுலின் சரித்திரம் நமக்கு இன்னும் நெருக்கமானது என்று எண்ணுகிறேன். பிலிப்பி பட்டணத்தில் அவரையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்துக் காவலில் வைத்தார்கள். மறுநாள் அதிகாரிகள், போகவிடுங்கள் என்று ஆளனுப்பினார்கள். வேறொருவராக இருந்தால் விட்டது போதும் என்று கிளம்பியிருப்பார். பவுலோ, ரோமக் குடிகளாகிய எங்களைப் பகிரங்கமாக அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்பிவிடப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள். எருசலேமிலோ, சேனாபதி தன் குடியுரிமையை மிகுந்த பணம் கொடுத்துப் பெற்றதாகச் சொன்னபோது, பவுல், நானோ அந்த உரிமையோடேயே பிறந்தேன் என்று பதில் சொன்னார். பிரஜாவுரிமைக்கான விண்ணப்பங்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய நம்முடைய பாட்டன்மாருக்காகவே எழுதி வைத்தது போல அந்த வசனம் எனக்குத் தோன்றுகிறது. பவுல் தன் உரிமையைக் கேட்டதால் அவருடைய தாழ்மை குறைந்துவிடவில்லை. உங்கள் உறுதிப்பத்திரத்தை நீங்கள் கேட்பதும் அவ்வாறே. பிரஜாவுரிமை தந்ததற்காக நாம் காலமெல்லாம் நன்றிக்கடன் பட்டவர்கள் போல மேடைகளில் பேசுகிறவர்களுக்குச் சபை ஆமென் சொல்ல வேண்டியதில்லை. பறித்ததைத் திருப்பித் தருவது தானம் அல்ல.

நேசிப்பதைப் பற்றி இன்னும் ஒரு சொல். நாடு என்பது அரசாங்கம் மட்டும் அல்ல. 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு, குருநாகலின் ஆங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தாமும் ஒரு சிங்களவராக இருந்துகொண்டு, நடந்ததை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது, நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தம் மக்களிடம் சொன்னார்; அந்த ஆண்டே அவர் இறந்துபோனார். கண்டியில் சத்தியோதயம் நிலையத்தை 1972 இல் தொடங்கிய இயேசுசபைக் குரு போல் கெஸ்பர்ஸ், தோட்ட மக்களின் உரிமைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 2023 இல், நம் முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்துபோனபோது, வழிநெடுகிலும் பல இனத்தாரும் பல மதத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். உங்கள் நாவு ஒத்துழைக்காத ஞாயிறுகளில் இவர்களுக்காக முதலில் ஜெபியுங்கள். மற்றவை அதற்குப் பின் வரட்டும்.

கேள்வி: நான் சில்லறைக் கடை நடத்துகிறேன். 2024 ஜனவரியிலிருந்து வற் (பெறுமதிசேர்) வரி 18 வீதம். கொடுக்கும் வரியை மேலே இருப்பவர்கள் தின்றுவிடுகிறார்கள் என்பதைத்தான் 2022 இல் கண்டோமே. இப்படிப்பட்ட அரசாங்கத்துக்கு வரியை மறைத்தால் தவறா?
– ஒரு வியாபாரி, பண்டாரவளை

பதில்: தவறுதான், ஐயா. நமக்கு ஆண்டவர் காட்டிய நாணயத்தில் இருந்ததும் நீதியான மன்னனின் உருவம் அல்ல. ஆனாலும் உங்கள் ஆத்திரத்தின் காரணத்தை நான் மறுக்கவில்லை. பெறுமதிசேர் வரியின் கொடுமையே அது ஏழையிடமும் பணக்காரனிடமும் ஒரே வீதத்தில் வாங்கப்படுவதுதான். லயத்துப் பெண் வாங்கும் சவர்க்காரத்திலும் அந்த வரி ஒளிந்திருக்கிறது. இதை மாற்றும்படி கேட்பது நியாயமானது. மறைப்பது வேறு. வாடிக்கையாளரிடம் வரி என்று சொல்லி வாங்கிய பணத்தை நீங்கள் கட்டாமல் வைத்துக்கொண்டால், அது அரசாங்கத்திடம் எடுத்ததாக இராது. அந்தப் பெண்ணிடம் எடுத்ததாகவே இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். உங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? அவர்களின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், உங்கள் பங்காக 12 வீதமும் மாதந்தோறும் போய்ச் சேர வேண்டும். நெருக்கடிக் காலத்தில் முதலில் நிறுத்தப்படுவது இதுதான். எருசலேமின் அலங்கம் கட்டப்பட்டபோது, பஞ்சத்தில் வயலையும் வீட்டையும் அடகுவைத்த ஏழைகள் நெகேமியாவிடம் அழுதுகொண்டு வந்தார்கள். அவர் பிரபுக்களை அழைத்துக் கடிந்துகொண்டு, வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். தேசாதிபதிக்குரிய படியைத் தாமும் பன்னிரண்டு வருடம் வாங்காமல் விட்டார். மேலே இருப்பவர்கள் நெகேமியாவாக வேண்டும் என்று நாம் ஜெபிக்கிறோம்; நம் கடைக்குள் நாம்தானே தேசாதிபதி.

கேள்வி: டித்வா சூறாவளியின் மண்சரிவுக்குப் பிறகு எங்கள் சபைக்கு வெளியிலிருந்து நிவாரணப் பொருட்கள் வந்தன. விசுவாசக் குடும்பங்களுக்கு முதலில் கொடுப்போம் என்று சிலர் சொன்னார்கள். வேறு சிலர், நிவாரணம் அரசாங்கத்தின் வேலை, சபை ஜெபித்தால் போதும் என்றார்கள். எது சரி?
– ஓர் இளம் ஊழியர், பதுளை மாவட்டம்

பதில்: இரண்டும் சரியல்ல. விசுவாச வீட்டாருக்கு விசேஷமாய் நன்மை செய்யச் சொல்லும் கலாத்தியர் வசனம், யாவருக்கும் நன்மை செய்யக்கடவோம் என்றே தொடங்குகிறது; மண் இறங்கியபோது அது எந்த வீட்டின் சுவரில் சிலுவை தொங்குகிறது என்று பார்த்து இறங்கவில்லை. பட்டியல் எழுதும்போது கிராம உத்தியோகத்தரோடும் தோட்டக் குடும்பநல உத்தியோகத்தரோடும் சேர்ந்து எழுதுங்கள். கோயில் கமிட்டியையும் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் விகாரையையும் கலந்து பேசினால், ஒரே வீட்டுக்கு மூன்று தடவையும் அடுத்த வீட்டுக்கு ஒன்றுமில்லாமலும் போகாது. பொருளை வைத்துக்கொண்டு மனிதரைச் சபைக்கு இழுப்பது சுவிசேஷத்துக்கே அவமானம்.

இரண்டாவது கருத்தைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கையைக் கேட்டு வெளியேறும் மனிதனுக்குப் போய்த் தங்க ஒரு துண்டு நிலமாவது வேண்டும். நிலமும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தமாக இருக்கையில், தொழிலாளி எங்கே போவது? சபை அரிசியும் போர்வையும் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடுமானால், அடுத்த மழைக்கும் அதே அரிசியையும் போர்வையையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியதுதான். அரசாங்கத்தின் வேலையைச் சபை செய்துவிட முடியாது. அரசாங்கம் அந்த வேலையைச் செய்கிறதா என்று விடாமல் கேட்பது சபையால் முடியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் தோட்டத்தைப் பரிசோதித்திருந்தால், அதன் அறிக்கையை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். மாற்றிடம் தேவைப்படும் குடும்பங்களின் பெயர்களோடு பிரதேச செயலாளருக்கு மனு எழுதுங்கள். பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.

இதெல்லாம் பலிக்குமா என்று சலிப்போடு கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபையின் பணத்தைச் செலவிட முடியாதபடி 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தடையாக இருந்தது. தோட்டத்து மக்களும் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அந்த மக்களின் பாதையில் ஒரு லோட் கல்லைக்கூடக் கொட்ட முடியாதிருந்தது. பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பலனாக 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அநீதியுள்ள நியாயாதிபதியிடம் அலுக்காமல் போன விதவையைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை, ஜெபத்துக்கு மாத்திரம் உரியதாக நாம் சுருக்கிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் ஆராதனைக்கு வந்து முன்வரிசையில் அமர்கிறார்கள். சபைக்குக் கூரைத் தகடும் ஒலிபெருக்கியும் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு சபைச் செயலாளர், மஸ்கெலியா

பதில்: வேட்பாளர் ஆராதிக்க வந்தால் வரவேற்று, இடமிருக்கும் வாங்கில் உட்காரச் சொல்லுங்கள். மேடையும் ஒலிவாங்கியும் வேண்டாம். தேர்தல் காலத்தில் தகட்டை வாங்காதீர்கள். மழை ஒழுகினாலும் வாங்காதீர்கள். சாராயப் போத்தலுக்கு வாக்கை விற்றவனைக் கண்டிக்கும் தகுதி, தகட்டுக்கு விற்ற சபைக்கு இராது. வாக்குச்சீட்டு இல்லாமல் ஒரு தலைமுறை எப்படி வாழ்ந்தது என்று அறிந்த மக்கள் நாம். எந்தக் கட்சிக்குப் போடுவது என்று போதகர் சொல்லக்கூடாது. ஆனால் சம்பளம், காணி, பாடசாலை, வைத்தியசாலை ஆகிய நான்கைப் பற்றியும் வேட்பாளரின் பதில் என்ன என்பதைக் கேட்டறிந்து வாக்களிக்கும்படி சபைக்குக் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும்.

கேள்வி: நான் பயிற்சி பெற்ற தாதி. வெளிநாட்டு வேலை கிடைத்திருக்கிறது. நாடு கஷ்டத்தில் இருக்கும்போது போவது துரோகம் என்று அண்ணன் சொல்கிறார். அம்மா போகச் சொல்கிறார்.
– ஒரு வாசகி, நாவலப்பிட்டி

பதில்: மகளே, பஞ்சத்தில் யாக்கோபின் குடும்பம் எகிப்துக்குப் போனது, அதை வேதம் துரோகம் என்று சொல்லவில்லை. நம் தாய்மார் வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்து அனுப்பிய பணம், டொலர் இல்லாமல் நாடு திணறியபோதும் வந்துகொண்டிருந்தது. ஆகவே போகிறவர்களைக் குற்றவாளிகளாக்கும் பேச்சு எனக்கு உடன்பாடல்ல. அதேவேளை, தமிழ் தெரிந்த தாதியர் மலையகத்து வைத்தியசாலைகளில் எவ்வளவு குறைவு என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். நோவைச் சொல்ல மொழியில்லாமல் கட்டிலில் கிடக்கும் தோட்டத்துப் பாட்டிக்கு உங்கள் ஒரு வார்த்தை மருந்தாகும். குடும்பத்தின் கடன் தாங்க முடியாததாக இருந்தால் போங்கள், மனச்சாட்சி உறுத்தலின்றிப் போங்கள். தாங்கக்கூடியதாக இருந்தால், இன்னும் சில காலம் இங்கே இருப்பதைப் பற்றி ஜெபத்தோடு யோசியுங்கள் என்பதே என் வேண்டுகோள். தீர்மானம் உங்களுடையது, அண்ணனுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல.

கேள்வி: ஆராதனை முடிந்தபின், சபை மண்டபத்தில் அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு), அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பு ஆகியவற்றுக்கான படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறோம். கர்த்தருடைய நாளில் இது உலக காரியம் என்று ஒரு மூத்த சகோதரர் வருந்துகிறார். நிறுத்திவிடலாமா?
– வாலிபர் சங்கம், ராகலை

பதில்: நிறுத்த வேண்டாம். ஓய்வுநாளில் நன்மை செய்வதோ தீமை செய்வதோ எது நியாயம் என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார். வார நாட்களில் வேலைக்குப் போகாவிட்டால் பெண்களுக்கு அன்றைய பேர் (நாட்சம்பளம்) விழாது; ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு இருக்கிறது. மூத்த சகோதரரையும் உங்களோடு உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்களின் சரியான பெயரும் ஊரும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஒரேயொரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். தோட்டத்து மக்களில் அநேகருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், அடையாள அட்டையில் இன்னொரு பெயரும், செக்ரோலில் (தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில்) வேறொரு பெயரும் இருக்கிறது. முப்பது வருடம் உழைத்த சேமலாப நிதியைக் கையில் எடுக்கப் போகும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. ஆகையால் படிவம் நிரப்புவதற்கு முன் மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அந்தப் படிவத்தை அப்படியே அனுப்பாமல், முதலில் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பெயரைத் திருத்துவதற்கு விண்ணப்பியுங்கள். முடியுமானால் உங்களில் ஒருவர் அந்த அம்மாவோடு கூடவே போய் வாருங்கள்.